சம்பளம் இல்லாத ஒரு மாதம்: மகளை அனுப்பலாமா?



நம் குழுக்களில் "எம் மகள் காலேஜ் படிக்கிறா" என்று சொல்லும் அம்மாக்கள் இன்று நிறையப் பேர். உள்கடன் வாங்கி, ஆடு விற்று, கம்மலை அடகு வைத்துப் படிக்க வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் இப்போது ஒரு புதுச் சொல்லோடு வீட்டுக்கு வருகிறார்கள். "அம்மா, நான் இன்டர்ன்ஷிப் போகணும்" என்கிறார்கள். அது என்ன, எதற்கு, போனால் என்ன கிடைக்கும் என்று நமக்குத் தெரிவதில்லை. தெரியாததால் "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால், ஒன்றுமே கேட்காமல் பணத்தைக் கட்டி ஏமாந்துவிடுகிறோம். இரண்டும் வேண்டாம். மனித உரிமை அமைப்புகளில் நடக்கும் இன்டர்ன்ஷிப் பற்றி இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

கூட்டத்தில் வந்த பேச்சு

முதலில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர், பெயர் வேண்டாம்.

சேமிப்பு வசூல் முடிந்து கடன் கோரிக்கை எடுத்தார்கள். ஓர் உறுப்பினர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"எம் மகளுக்கு ஆறாயிரம் வேணும் அக்கா. மெட்ராஸ்ல ஒரு மாசம் பயிற்சியாம். மனித உரிமை ஆபீஸ்."

"மாசம் எவ்வளவு தருவாங்க?" என்று கேட்டார் ஊக்குநர்.

"சம்பளம் கெடையாதாம்."

கூட்டம் சிரித்துவிட்டது. "வேலை செய்யப் போறவளுக்கு அவங்கதான தரணும்? நாம எதுக்குக் கடன் வாங்கித் தரணும்?" என்றார் ஒருவர். "போலீசு, கோர்ட்டுன்னு அலையுற எடமாச்சே. வயசுப் புள்ளைய அங்க எப்படி அனுப்புறது?" என்றார் இன்னொருவர். "போனா வேலை உறுதியா?" என்று மூன்றாவது கேள்வி வந்தது.

அம்மாவுக்கு எதற்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. கண் கலங்கி உட்கார்ந்துவிட்டார். "அடுத்த கூட்டத்துக்கு மகளையே கூட்டிட்டு வாங்க. அவகிட்டயே கேப்போம்" என்று சொல்லி, கோரிக்கையைத் தள்ளிவைத்தார் ஊக்குநர்.

சிரித்தது சரியில்லை. ஆனால் கேட்ட மூன்று கேள்வியும் நியாயமானவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்டர்ன்ஷிப் என்றால் என்ன?

தையல் கற்றுக்கொண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். முதல் நாளே ஜாக்கெட் துணியைக் கையில் கொடுத்து வெட்டச் சொல்ல மாட்டார்கள். காஜா எடுக்க வேண்டும், கொக்கி வைக்க வேண்டும், அக்கா வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கை பழகிய பிறகுதான் கத்தரி கைக்கு வரும்.

இன்டர்ன்ஷிப்பும் அப்படித்தான். புத்தகத்தில் படித்ததை வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்துப் பழகுவது. நர்சிங் படிக்கும் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ஆசிரியர் பயிற்சிப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அதுபோல சட்டம், சமூகப்பணி, அரசியல் அறிவியல் போன்ற படிப்புப் பிள்ளைகள் மனித உரிமை அமைப்புகளுக்குப் போகிறார்கள். படிப்பு முடித்தவர்களையும் சில அமைப்புகள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று காலம் இருக்கும். முடிவில் ஒரு சான்றிதழ் தருவார்கள்.

மூன்றாவது கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இது வேலை அல்ல. வேலை தருகிறோம் என்ற வாக்குறுதியும் அல்ல. அப்படி யாராவது உறுதி சொன்னால், அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மனித உரிமை அமைப்பு என்ன செய்கிறது?

உலக நாடுகள் ஒன்றுகூடி 10.12.1948 அன்று மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றன. அதனால்தான் டிசம்பர் 10-ஐ மனித உரிமை நாளாகக் கொண்டாடுகிறோம். நம் நாட்டில் 1993-ல் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் நான்கு சொற்களை முன்னால் வைக்கிறது: உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். அடிக்காமல், அடைத்து வைக்காமல், ஏற்றத்தாழ்வு பார்க்காமல், அவமானப்படுத்தாமல் ஒரு மனிதரை வாழ விடுவது.

அந்தச் சட்டப்படி 12.10.1993 அன்று டெல்லியில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டுக்கென்று மாநில மனித உரிமைகள் ஆணையம் 1997-ல் சென்னையில் அமைந்தது. அரசு ஊழியர் ஒருவர் உரிமையை மீறினாலோ, தடுக்க வேண்டியவர் தடுக்காமல் விட்டாலோ ஆணையத்துக்கு மனு அனுப்பலாம். கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது என்கிறது அதே சட்டம். வரப்புத் தகராறு, சொத்துத் தகராறு போன்றவற்றையும் ஆணையம் எடுப்பதில்லை.

ஆணையம் நீதிமன்றம் அல்ல. ஆட்களை வரவழைத்து விசாரிக்கும் அதிகாரம் உண்டு. முடிவில் இழப்பீடு கொடுங்கள், நடவடிக்கை எடுங்கள் என்று அரசுக்குப் பரிந்துரை செய்யும்.

இவை அரசின் அமைப்புகள். இவை தவிர, தொண்டு நிறுவனங்களாக நடக்கும் மனித உரிமை அமைப்புகளும் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவரை நேரில் பார்த்து, விவரம் சேகரித்து, மனு எழுதி, வழக்குக்குத் துணை நிற்பது அவர்கள் வேலை.

பயிற்சிக்குப் போகும் பிள்ளை என்ன செய்வாள்?

தேசிய ஆணையம் கோடை விடுமுறையிலும் குளிர்காலத்திலும் டெல்லியில் சுமார் நான்கு வாரப் பயிற்சி நடத்திவருகிறது. பல மாநிலங்களிலிருந்தும் கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணையத்தின் உறுப்பினர்களும் அதிகாரிகளும் பாடம் எடுப்பார்கள். காவல் நிலையம், சிறை, காப்பகம் போன்ற இடங்களின் நடைமுறையைக் காட்டுவார்கள். குழுவாகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்ய வேண்டும். பேச்சுப் போட்டி, புத்தக மதிப்புரைப் போட்டியும் உண்டு. வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாகச் சேரும் இரண்டு வாரக் குறுகிய காலப் பயிற்சியும் நடத்துகிறார்கள். வெளியூர் அனுப்பத் தயங்கும் வீட்டுக்கு இது ஒரு நல்ல ஆரம்பம்.

சென்னையில் மாநில ஆணையத்திலும் சட்டம் படிக்கும் மாணவர்கள் பயிற்சி பெறுகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்டுப் பார்க்கலாம். அது நம் மாவட்டத்திலேயே இருப்பதால் அறை வாடகை மிச்சம்.

தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தால் வேலை வேறு மாதிரி இருக்கும். வந்த மனுக்களைப் படித்துச் சுருக்கம் எழுதுவாள். பத்திரிகைச் செய்திகளைத் தேதிவாரியாகக் கத்தரித்து வைப்பாள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேள்வி அனுப்பப் பழகுவாள். பெரியவர்களோடு சேர்ந்து சம்பவம் நடந்த ஊருக்குப் போய், மக்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வாள்.

முக்கியமாக ஒன்றைக் கற்றுக்கொள்வாள். வாயை அடக்குவது. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. வீட்டில் வந்து கதையாகச் சொல்லவும் கூடாது. பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 2023-ன் 72-ம் பிரிவுப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே தோழிகளே, "இன்னைக்கு யாரு கேஸ் வந்துச்சு?" என்று நாமும் மகளைத் துருவக் கூடாது.

பணம்: யார் தருவது?

முதல் கேள்விக்கு வருவோம். தேசிய ஆணையம் தன் பயிற்சிக்கு உதவித்தொகை தந்திருக்கிறது. எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்க்க வேண்டும். தொண்டு நிறுவனங்களில் சில போக்குவரத்துச் செலவு தரும், சில ஒன்றும் தராது.

இந்தக் கேள்வி நம் ஊரில் மட்டும் எழவில்லை. ஐக்கிய நாடுகள் சபையிலேயே எழுந்திருக்கிறது. 2015-ல் ஜெனிவா நகரில் ஐ.நா. அலுவலகத்தில் சம்பளமில்லாப் பயிற்சியில் இருந்த 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஒருவர், ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினார். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அவர் அந்தப் பயிற்சியை விட்டு விலகினார். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போக முடியுமா என்ற பேச்சு அப்போது பலமாக எழுந்தது.

நாமும் அதைத்தான் யோசிக்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை போகாவிட்டால், ஏழைகளின் மனுவைப் படிக்கும் இடத்தில் ஏழை வீட்டைத் தெரிந்தவர் யார் இருப்பார்கள்? அட்வான்ஸ் வாங்கிச் சூளைக்குப் போவது என்றால் என்ன, ரேஷன் கார்டில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் நம் பிள்ளைக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. அவள் அதிலேயே வளர்ந்தவள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்கச் சொல்லவில்லை. கணக்குப் போட்டு வாங்குங்கள்.

அனுப்பும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. யார் நடத்துகிறார்கள்? அறிவிப்பை ஆணையத்தின் அல்லது நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்தாளா, யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் தகவலா? மத்திய, மாநில அரசு இணையதள முகவரி பெரும்பாலும் 'கவ்.இன்' அல்லது 'நிக்.இன்' என்று முடியும். மனித உரிமை என்று பெயர்ப்பலகை வைத்த எல்லாச் சங்கமும் ஆணையம் அல்ல.

2. பணம் கேட்கிறார்களா? "பதிவுக் கட்டணம் கட்டுங்க, அடையாள அட்டை தர்றோம், பதவி தர்றோம்" என்றால் கட்டாதீர்கள். இணையம் வழியாகப் பணம் கட்டி ஏமாந்தால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள்.

3. கல்லூரிக்குத் தெரியுமா? நல்ல இடங்கள் முதல்வர் அல்லது துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம் கேட்கும். ஏன் சேர விரும்புகிறாள் என்று பிள்ளையே சொந்தமாக எழுதித் தர வேண்டியிருக்கும்.

4. எங்கே தங்குவாள், மொத்தச் செலவு என்ன? பயணம், விடுதி, சாப்பாடு, பஸ் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் உதவித்தொகை எவ்வளவு என்று எழுதுங்கள். மீதிதான் நம் கடன்.

5. பொறுப்பாளர் யார்? அவர் பெயர், அலுவலகத் தொலைபேசி எண், வேலை நேரம் மூன்றும் அம்மா கையில் இருக்க வேண்டும். இரவில் வேலை, தனியாக வெளியூர்ப் பயணம் உண்டா என்றும் கேளுங்கள்.

பாதுகாப்பு

வயசுப் பெண் என்று பயப்படுவது தாயின் இயல்பு. வெறும் பயம் மட்டும் காவலாக நிற்காது, சட்டத்தையும் தெரிந்துகொள்வோம்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. சம்பளம் வாங்குபவருக்கு மட்டும்தான் அது என்று நினைக்க வேண்டாம். சம்பளம் இல்லாமல் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கும் அது பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவி ஒரு பெண். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். மனித உரிமை பேசும் இடமாக இருந்தாலும் இந்தச் சட்டம் உண்டு. "உங்க ஆபீஸ்ல அந்தக் கமிட்டி இருக்கா சார்?" என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. ஒழுங்கான நிறுவனம் உடனே பதில் சொல்லும்.

அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. இலவச சட்ட உதவிக்கு 15100. இரண்டையும் மகளின் செல்போனில் மட்டுமல்ல, நம் செல்போனிலும் பதிந்து வைப்போம்.

மறுபடியும் அந்தக் கூட்டத்துக்கு வருவோம்

மகள் வந்தாள். கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். செலவைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். விடுதிக்குப் பதில் சித்தி வீட்டில் தங்கினால் நாலாயிரம் போதும் என்று கணக்கு வந்தது. நாலாயிரம் உள்கடன், பத்துத் தவணை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பியவள், அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோடு வந்தாள். "என்ன தாயி கத்துக்கிட்ட?" என்று கேட்டார் குழுவின் மூத்த உறுப்பினர். அவள் பதில் சொல்லும் முன்பே அந்தப் பாட்டி தன் மனக்குறையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். தம்பி குடும்பம் வெளி மாவட்டத்தில் செங்கல் சூளையில் இருக்கிறது. அட்வான்ஸ் கழியவில்லை என்று, பெற்ற தாயின் சாவுக்குக்கூட அனுப்பவில்லை. சொல்லிச் சொல்லி அழுதார். எல்லோருக்கும் அந்தக் கதை ஏற்கெனவே தெரியும். பல முறை கேட்டு, பல முறை 'ஐயோ பாவம்' என்று சொன்ன கதைதான்.

அந்தப் பிள்ளை அவர் அழுது முடிக்கும் வரை பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டை எடுத்தாள்.

"பாட்டி, சாவு என்னைக்கு?"

"பொங்கலு முடிஞ்ச நாலாம் நாளு."

காலண்டரைப் பார்த்துத் தேதி எழுதினாள். சூளை எந்த ஊர், யார் பெயரில் நடக்கிறது, அட்வான்ஸ் எவ்வளவு, யார் கையில் வாங்கினார்கள், வாரக்கூலி எவ்வளவு, எத்தனை பேர், குழந்தைகள் வயது என்ன, போகக் கூடாது என்று சொன்னது யார், அதைக் கேட்டவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தெரிந்ததை எழுதினாள். தெரியாததற்கு எதிரில் ஒரு கோடு போட்டாள். "தெரியாததத் தெரியும்னு எழுதுனா, தெரிஞ்சதையும் நம்ப மாட்டாங்க பாட்டி" என்றாள். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் மனு ஆனது.

பிறகு விவரம் சொன்னாள். முன்பணத்தைக் காட்டி ஒருவரை விடாமல் வேலை வாங்குவது கொத்தடிமை முறை. அதை 1976-ம் ஆண்டுச் சட்டம் ஒழித்திருக்கிறது. கொத்தடிமையாக இருந்தவரிடம் அந்தக் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது. மனுவை அந்த மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். தமிழ்நாடு அரசை எதிர்த்து 1985-ல் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கில்தான், 1997-ல் உச்ச நீதிமன்றம், கொத்தடிமைச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிக்கும் பொறுப்பைத் தேசிய ஆணையத்திடம் கொடுத்தது.

"அப்ப எந்தம்பி வந்துருவானா?" என்றார் பாட்டி.

"அத நான் சொல்ல முடியாது பாட்டி. விசாரிக்க வேண்டியது அதிகாரிங்க. ஆனா இனிமே அவங்களுக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. தபால் ஒப்புகைச் சீட்டு நம்ம கையில இருக்கும்."

முதல் கூட்டத்தில் சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. பதிவுத் தபால் செலவைக் குழுவிலிருந்து எடுக்கலாம் என்று பிரதிநிதி சொன்னார். இந்த மாதிரி மனு வேறு யாருக்கு எழுத வேண்டும் என்று பேச்சு தொடர்ந்தது.

நமக்கும் பயிற்சி உண்டு

"பிள்ளைகளுக்கு மட்டும்தானா?" என்று கேட்கிறீர்களா? தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-ல் சட்டத் தன்னார்வலர் திட்டத்தைக் கொண்டுவந்தது. யார் யார் சேரலாம் என்ற பட்டியலில் சுய உதவிக் குழு உறுப்பினர்களும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு படித்திருந்தால் நல்லது. பயிற்சி கொடுத்து அடையாள அட்டை தருவார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே அங்கே இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நம் குழுவில் கல்லூரி படிக்கும் அல்லது படித்து முடித்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் யாராவது பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டு, நாம் தடுத்திருக்கிறோமா?

2. மகன் கேட்டால் உடனே சரி சொல்வோம், மகள் கேட்டால் யோசிக்கிறோம். நம் குழுவில் அப்படி நடக்கிறதா?

3. பாட்டியின் கதைபோல் நாம் பல முறை கேட்டும் எழுதி வைக்காத குறை ஏதாவது இருக்கிறதா? என்று, எங்கே, யார், என்ன, யார் பார்த்தார்கள் என்ற ஐந்தையும் இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். தேதியை முதலில் எழுதுங்கள், ஓராண்டுக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஒருவர் இப்போது ஆபத்தில் இருந்தால் மனு எழுதிக் காத்திருக்க வேண்டாம், உடனே 112 எண்ணுக்குப் பேசுங்கள்.

4. பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு உள்கடன் தரலாமா? தந்தால் எந்த நிபந்தனையோடு? தீர்மானமாக எழுதுங்கள்.

எழுதியதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மகளையும் கூட்டி வாருங்கள். அவள் நோட்டும் பேனாவும் எடுத்து வரட்டும்.